பி.காம் ஆன்லைனில்: தமிழ்நாடா, கேரளாவா, இக்னோவா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கேள்வி

எல்லைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கேரளாவுல பாலக்காடு மாவட்டம், தமிழ்நாடு எல்லை ஓரம், கொழிஞ்சாம்பாறை பக்கம். தங்கச்சி பத்து வரைக்கும் தமிழ் மீடியம், பிளஸ் டூ கேரளா சிலபஸ்ல காமர்ஸ் முடிச்சிருக்கா. இப்போ பொள்ளாச்சியில ஒரு கடையில பில்லிங் வேலை. காலையில எட்டு மணிக்கு பஸ் ஏறினா வீடு திரும்ப ராத்திரி எட்டு. பி.காம் படிக்கணும்ங்கிறா, ரெகுலர் காலேஜுக்கு வழியில்ல.

நாங்க கேரளாவுல இருந்துகிட்டே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துல சேர முடியுமா? அந்த டிகிரி நாளைக்கு கேரளா பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வேலைக்கு எடுபடுமா? வீட்டுல இருக்கறது ஒரு ஸ்மார்ட்போன்தான், லேப்டாப் இல்ல. அதுவே போதுமா?

இன்னொன்னு. டவுன்ல ஒரு அட்மிஷன் சென்டர்ல, "மொத்தம் 45,000 ரூபாய், ஒரே வருஷத்துல மூணு வருஷ டிகிரி, பரீட்சை வீட்டுலயே எழுதலாம்"னு சொல்றாங்க. அப்பா பாதி நம்பிட்டார். அவருக்கு எப்படிப் புரிய வைக்கறது?

---

கிரந்தசாலை:

கடைசிக் கேள்வியிலிருந்தே வர்றேங்க, காசு போற இடம் அதுதான்.

மூணு வருஷப் பட்டத்தை ஒரே வருஷத்துல கொடுக்க இந்தியாவுல எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரம் இல்லை. நல்லாப் படிக்கிறவங்க சீக்கிரம் முடிக்க இப்போ யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒரு வழி விட்டிருக்கு. அதுலகூட ஆறு செமஸ்டரை அஞ்சாக்கலாம், அவ்வளவுதான். அதுக்கும் குறைவா யாராவது சொன்னா, பழைய தேதி போட்ட மார்க் லிஸ்ட் தரப் போறாங்கன்னு அர்த்தம். வேலையில சேர்ந்தப்புறம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அனுப்புவாங்க, அப்போதான் மாட்டும். அப்பாகிட்ட இதைச் சொல்லுங்க.

ரெண்டாவது, தொலைநிலைப் படிப்பையோ ஆன்லைன் படிப்பையோ ஃபிரான்சைஸ் கொடுத்து, அதாவது தனியார்கிட்ட கிளை மாதிரி விட்டு, நடத்தக் கூடாதுங்கறது யூஜிசியோட 2020 விதி. விண்ணப்பம் போட்டுக் கொடுக்க அக்ஷயாவுல (கேரள அரசோட இ-சேவை மையம்) சர்வீஸ் சார்ஜ் வாங்கறது வேற விஷயம். படிப்புக் கட்டணத்தையே ஒரு தனியார் ரசீதுல வாங்கினா அங்கேயே எழுந்து வந்துடுங்க. பணம் பல்கலைக்கழகத்தோட சொந்த போர்ட்டல்ல, பல்கலைக்கழகத்தோட கணக்குக்குத்தான் போகணும்.

சரியான இடமான்னு பார்க்கறதுக்கு யூஜிசியோட தொலைநிலைக் கல்விப் பிரிவு, டெப்னு சொல்லுவாங்க, அவங்க தளத்துல பட்டியல் இருக்கு. இங்கேதான் பலரும் பாதியோட நிறுத்திடறாங்க. பல்கலைக்கழகத்தோட பேர் இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு மூடிடறாங்க. பார்க்க வேண்டியது நாலு: பல்கலைக்கழகம், குறிப்பா பி.காம்ங்கற அந்தப் படிப்பு, அது தொலைநிலைக்கா ஆன்லைனுக்கா, எந்தச் சேர்க்கைக்கு. ஜனவரி-பிப்ரவரி ஒரு சேர்க்கை, ஜூலை-ஆகஸ்ட் ஒரு சேர்க்கை. ஒரே பல்கலைக்கழகத்துல பி.ஏ.வுக்கு அனுமதி இருந்து பி.காமுக்கு இல்லாம இருக்கலாம். போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லாமலும் போகலாம். அந்தப் பக்கத்தை சேர்ற அன்னைக்கே பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க. அஞ்சு வருஷம் கழிச்சு யாராவது கேட்டா அதுதான் கையில இருக்கற சாட்சி.

அப்புறம் டெப் ஐடி. 2024-லிருந்து தொலைநிலை, ஆன்லைன் எதுல சேர்ந்தாலும் இது கட்டாயம். டிஜிலாக்கர் கணக்கு, அதுல ஏபிசி ஐடி (படிச்ச கிரெடிட்டைச் சேமிக்கற கணக்கோட எண்), அதை வச்சு டெப் ஐடி, அப்புறம்தான் பல்கலைக்கழக விண்ணப்பம். இந்த வரிசை மாறினா மறுபடி முதல்லருந்து.

நம்ம பக்கத்துல இது சிக்கறது ஒரே இடத்துலதான்: இனிஷியல். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல (பத்தாம் வகுப்புச் சான்றிதழ்) "ரேவதி எம்"னு இருக்கும். ஆதார்ல வெறும் "ரேவதி". இல்லேன்னா அப்பா பேரையும் சேர்த்து "ரேவதி முருகன்". டிஜிலாக்கர் ஆதார்ல இருக்கற பேரைத்தான் எடுக்கும். ஏபிசி ஐடியில ஒரு பேர், பிளஸ் டூ மார்க் லிஸ்ட்ல ஒரு பேர்னு ஆனா விண்ணப்பம் திரும்பி வரும். அப்படியே தப்பி உள்ளே போயிட்டா இன்னும் மோசம், பட்டச் சான்றிதழ் தப்பான பேர்லயே அச்சாகி வரும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் திருத்தறது பெரிய பாடு. அதனால ஆதாரை எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பொருந்தற மாதிரி மாத்திக்குங்க. ஆதார்ல பேர் மாத்தறதுக்கு வாழ்நாளுக்கு ரெண்டு தடவைதான் வாய்ப்பு, எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கொடுங்க. ஆதார்ல இணைச்ச மொபைல் நம்பர் இப்பவும் கையில இருக்கணும். ஓடிபி வராம பாதி பேர் அங்கேயே நின்னுடறாங்க.

---

செமஸ்டர் டீச்சர்:

மேலே கிரந்தசாலை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். எங்கே சேர்வது என்ற கேள்விக்கு வருகிறேன்.

தொலைநிலை, ஆன்லைன் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம், ஆனால் விதிப்படி இரண்டும் தனித்தனி. தொலைநிலை என்றால் அச்சிட்ட பாடப் புத்தகம், ஒரு படிப்பு மையம், வார இறுதியில் சில நேர்முக வகுப்புகள். ஆன்லைன் என்றால் பாடம், கலந்துரையாடல், ஒப்படைப்பு (அசைன்மென்ட்) எல்லாமே கற்றல் தளத்தில். எல்லை ஓரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் தொலைநிலைப் படிப்பு மையத்தையும் தேர்வு மையத்தையும் தன் மாநிலத்துக்கு வெளியே வைக்க முடியாது. ஆன்லைன் படிப்புக்கு இந்த எல்லைக் கட்டுப்பாடு கிடையாது.

அப்படியானால் 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் சேர்ந்தால், மையம் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோதான் அமையும், கேரளாவுக்குள் அமையாது. உங்கள் தங்கைக்கு அது பாதகமே இல்லை. தினமும் பொள்ளாச்சிதானே போகிறார். கேரளாவில் தொலைநிலைக்கென்றே இருப்பது 2020 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட, கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பாலக்காடு மாவட்டத்தில் அதன் மண்டல மையம் இருப்பது பட்டாம்பியில். சித்தூர் தாலுக்காவிலிருந்து பார்த்தால் மாவட்டத்தின் அடுத்த முனை. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் எந்த மாநிலத்து மையத்தையும் தேர்ந்தெடுக்கலாம்.

மொழி. இக்னோவில் பாடமும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது இந்தி. தமிழில் விடை எழுதத்தான் வசதி என்றால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம்தான் சரி. பிளஸ் டூ வேறு மாநில வாரியத்தில் படித்தவர் என்பதால் தமிழ்நாட்டில் பழைய வாரியத்திலிருந்து மாறுவதற்கான மைக்ரேஷன் சான்றும், அந்தப் பிளஸ் டூ இங்கே செல்லும் என்ற தகுதிச் சான்றும் கேட்பார்கள். கடைசி வாரத்தில் அலைய வேண்டாம். கட்டணச் சலுகையை நம்பிக் கணக்குப் போடுவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள்: கேரளத்து வில்லேஜ் ஆபீஸ் சாதிச் சான்றை வைத்துத் தமிழ்நாட்டு அரசின் சலுகையைக் கேட்க முடியாது.

கேரளா பி.எஸ்.சி. பற்றி: அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பெற்ற பட்டம், நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்கு இணையானது என்று 2022 செப்டம்பரில் யூஜிசி தெளிவாக அறிவித்துவிட்டது. வெளிமாநிலப் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் பணி அறிவிப்பில் இணைச் சான்று (இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) கேட்டிருந்தால், அதைக் கேரளப் பல்கலைக்கழகம் ஒன்றிடமிருந்து வாங்க வேண்டியிருக்கும். அதற்குப் பாடத்திட்டத்தின் முத்திரையிட்ட நகல் தேவைப்படும். படிக்கும்போதே ஒவ்வொரு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் சேமித்து வைத்தால் பின்னால் திண்டாட்டமில்லை.

இனி யாரும் விளம்பரத்தில் சொல்லாத விஷயம்: நேரம். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஒரு செமஸ்டரில் 20 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். 24 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 25 மணி நேரம். வீடியோ பார்ப்பது, புத்தகம், ஒப்படைப்பு, கணக்குப் பயிற்சி எல்லாம் இதற்குள் அடக்கம். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை வெளியே இருப்பவருக்கு வார நாளில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. வார விடுமுறை நாளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் மொத்தம் 17. பற்றாக்குறை எட்டு மணி. முதல் செமஸ்டரிலேயே இரண்டு பாடம் தங்குவதும் மூன்றாவது செமஸ்டரில் படிப்பையே விடுவதும் இந்த எட்டு மணியால்தான். அறிவுக் குறைவு என்று பிள்ளைகள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். உண்மையில் அது வெறும் கழித்தல் கணக்கு.

ஆகவே என் பரிந்துரை, இவருடைய நிலைமைக்கு ஆன்லைன் வேண்டாம், தொலைநிலை போதும். ஆன்லைன் படிப்பில் தளத்துக்குள் வாராவாரம் நடமாடியதற்கான பதிவு வேண்டும். பங்கேற்பு 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வுக்கு விடாத இடங்கள் உண்டு. தொலைநிலையில் புத்தகத்தை பஸ்ஸிலும் படிக்கலாம். இக்னோவில் மூன்று வருடப் பட்டத்தை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். எல்லாப் பாடத்தையும் ஒரே முறையில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பாடத்துக்குத் தேர்வுக் கட்டணம் 200 ரூபாய். தயாராகாத பாடத்துக்குப் பணம் கட்டாமல் அடுத்த முறைக்குத் தள்ளிவிடலாம். நான்கு வருடத்தில் முடிப்பேன் என்று தொடக்கத்திலேயே திட்டமிட்டால் முடித்துவிடுவார்.

மதிப்பெண் பிரிப்பு எல்லா இடத்திலும் ஒரே சட்டகம்தான்: செமஸ்டர் இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 சதவீதம், ஒப்படைப்பு போன்றவற்றுக்கு அதிகபட்சம் 30. அந்த முப்பதை அலட்சியம் செய்கிறவர்கள்தான் அதிகம். இக்னோவில் தேர்வில் தேறினாலும் ஒப்படைப்பு இல்லையென்றால் அந்தப் பாடம் முடிந்ததாகாது. அது கையெழுத்தில் இருக்க வேண்டும்; இணையத்தில் விற்கிற தயார் விடையை அப்படியே நகலெடுத்தால் திருத்துகிறவருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், ஊரெல்லாம் அதே விடையைத்தானே எழுதியிருக்கிறது.

ஸ்வயம் பற்றி ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் தொடங்கிய மத்திய அரசின் தளம். இளநிலை வணிகவியல் பாடங்கள் அங்கே உண்டு. பெங்களூரு ஐஐஎம் நடத்துகிற கணக்கியல் வகுப்புகளும் உண்டு. பாடம் பார்ப்பது இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். அதை மட்டும் படித்தால் பட்டம் கிடைக்காது. ஏற்கெனவே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், அந்தப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் கிரெடிட்டாக மாற்றலாம் என்பது 2021 விதி. "முன்கூட்டியே" என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். முடித்துவிட்டு வந்து கேட்டால் கிடைக்காது. இவருக்கு ஸ்வயத்தின் உண்மையான பயன் வேறு: கம்பெனி கணக்குகளில் ஒரு அத்தியாயம் புத்தகத்தில் விளங்கவில்லையென்றால் அதே பாடத்தை ஒருவர் பலகையில் போட்டுக் காட்டுவதைப் பார்க்கலாம். இலவச இணையப் பாடங்களில் பதிவு செய்கிறவர்களில் பத்தில் ஒருவர் அளவுதான் கடைசி வரை போகிறார்கள் என்பது உலகம் முழுக்க உள்ள அனுபவம். துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதையே நம்பி இறங்க வேண்டாம்.

---

பன்னிரண்டு வோல்ட்:

டீச்சர் ஆன்லைன் வேண்டாம்னு முடிச்சுட்டாங்க. எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. கடை வேலை நாளைக்கே மாறலாம், கல்யாணம் ஆகி ஊர் மாறலாம். பொள்ளாச்சி மையத்துல சேர்ந்துட்டு ஆலப்புழைக்குப் போனா என்ன பண்ணுவா? எந்த ஊர்லயும் படிக்கலாம்ங்கறது சின்ன வசதி இல்லைங்க. சரி, ரெண்டுல எது எடுத்தாலும் போன், நெட், கரண்ட் வேணும். அதைச் சொல்றேன்.

டேட்டா: 360பி தரத்துல ஒரு மணி நேர வீடியோ ஏறக்குறைய 300 எம்பி. 480பி-ன்னா 500 எம்பி பக்கம். பலகைக் கணக்குக்கு 360 போதும், எழுத்து பொடியா இருந்தா மட்டும் 480. வாரம் பத்து மணி நேர வீடியோன்னா 3 ஜிபி, தினம் ஒன்றரை ஜிபி பேக்கே மிச்சம். நேரலை வகுப்புல கேமராவைப் போட்டா செலவு ரெட்டிப்புக்கு மேல போகும். கேட்டாத்தான் போடணும்.

சிக்னல்: வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் ஒரே தொல்லை, போன் கேரளா டவருக்கும் தமிழ்நாடு டவருக்கும் மாறி மாறித் தாவும். கம்பெனி ஒண்ணா இருந்தாலும் மாநிலத்துக்கு மாநிலம் சர்க்கிள் வேற. தாவற நேரத்துல டேட்டா அறுந்து, வினாடி வினா பாதியில நிக்கும். ரெண்டு வேலை பண்ணுங்க. ஒண்ணு, செட்டிங்ஸ்ல டேட்டா ரோமிங்கை ஆன் பண்ணி வைங்க. இந்தியாவுக்குள்ள இதுக்குத் தனிக் காசு கிடையாது. ஆஃப்ல இருந்தா, கேரளா சிம் தமிழ்நாடு டவரைப் பிடிச்சதும் சிக்னல் கோடு முழுசா காட்டும், நெட் மட்டும் வராது. ரெண்டு, பரீட்சை நேரத்துல நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்லருந்து மேனுவலுக்கு மாத்துங்க. பட்டியல்ல ஒரே பேர் ரெண்டு தடவை வரலாம்; ஒவ்வொண்ணா வச்சுப் பார்த்து நிலையா நிக்கறதைப் பிடிச்சுக்குங்க. முடிஞ்சதும் மறக்காம ஆட்டோவுக்குத் திருப்புங்க, இல்லேன்னா பொள்ளாச்சி போனதும் போன் செத்த மாதிரி கிடக்கும்.

போன் போதுமா: பாடம் பார்க்க, வினாடி வினா போட, ஒப்படைப்பை ஸ்கேன் பண்ணி ஏத்த, போதும். கணக்கியலுக்கு எக்செல், டாலி மாதிரி கணக்கு மென்பொருள் தொடணும்னா பத்தாது. வீட்டிலிருந்து கண்காணிப்போட எழுதற பரீட்சைக்கு பெரும்பாலும் வெப்கேம் உள்ள லேப்டாப் கேட்பாங்க. வாங்கித்தான் ஆகணும்னு இல்லை. ஆனா இரவல் லேப்டாப்பை பரீட்சை அன்னைக்கு முதல் தடவையா திறக்காதீங்க. விண்டோஸ் அப்டேட்டை முந்தின நாளே முடிச்சு வைங்க. எனிடெஸ்க் மாதிரி ரிமோட் மென்பொருள் இருந்தா நீக்குங்க, பின்னணியில ஓடினாலே தேர்வு மென்பொருள் வெளியே தள்ளும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால இருந்தா முகம் இருட்டா விழும், வெளிச்சம் எதிர்ல வேணும். பக்கத்து வீட்டு டிவி சத்தம், பின்னால யாராவது கடந்து போறது எல்லாத்தையும் தேர்வு மென்பொருள் சந்தேகம்னு குறிச்சு வச்சுக்கும். அறையைச் சுத்திக் காட்டச் சொல்லுவாங்க, சுவர்ல கால அட்டவணை ஒட்டியிருந்தா எடுத்துடுங்க.

கரண்ட்: துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாசம் மத்தியானம் மூணு மணிக்கு இடி இடிச்சா கரண்ட் போகும். தேர்வு நேரத்தைத் தேர்ந்தெடுக்க விட்டா காலை நேரத்தை எடுங்க. ஃபைபர் இருந்தா மோடத்துக்கு ஒரு மினி யூபிஎஸ் போதும். மோடத்தோட அடியில 12 வோல்ட், 1 ஆம்ப், இல்லே 1.5 ஆம்ப்னு எழுதியிருக்கும். வோல்ட் அப்படியே ஒத்துப் போகணும், ஆம்ப் அதுக்குச் சமமாவோ கூடுதலாவோ இருக்கணும். 9 வோல்ட் மோடத்துல 12 வோல்ட்டைச் செருகினா புகைதான். ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாம தாங்கறதா பார்த்து வாங்குங்க. ஆனா கேபிள் ஆபரேட்டர் பக்கத்துலயும் கரண்ட் போனா உங்க யூபிஎஸ் ஒண்ணும் பண்ணாது. அதனால போன் ஹாட்ஸ்பாட்டை முன்னாடியே லேப்டாப்ல ஒரு தடவை இணைச்சு பாஸ்வேர்டைச் சேமிச்சு வைங்க. போன்ல "யாரும் இணையலேன்னா ஹாட்ஸ்பாட்டை அணை"ங்கற அமைப்பையும் நிறுத்துங்க.

ஒப்படைப்பு ஏத்தறது: பத்து பக்கத்தை கேமராவுல போட்டோவா எடுத்தா 40 எம்பி வரும், தளம் வாங்காது. ஸ்கேன் ஆப்ல கறுப்பு-வெள்ளை, 150 டிபிஐ வச்சா 3 எம்பிக்குள்ள அடங்கும். கோப்புப் பேரை எண்ணும் ஆங்கில எழுத்துமா வைங்க. தமிழ்லயோ மலையாளத்துலயோ பேர் வச்ச கோப்பை சில தளம் ஏத்திக்கிட்ட மாதிரி காட்டிட்டு உள்ளே காலியா வச்சிருக்கும். ஏத்தினதும் திரும்பத் திறந்து பாருங்க. கடைசி நாள் ராத்திரி பதினொண்ணரை மணிக்கு உட்காராதீங்க, எல்லாரும் அப்போதான் உட்காருவாங்க.

---

எல்லைக்காரன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்பாகிட்ட ஆறு செமஸ்டர் கணக்கைச் சொன்னதும் அடங்கிட்டார். ஆனா ஒரு சிக்கல். அந்த சென்டர்ல ஏற்கெனவே 5,000 முன்பணம் கட்டி, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் பிளஸ் டூ சர்டிபிகேட்டையும் ஒரிஜினலாவே கொடுத்து வச்சிருக்கார். "மீதி கட்டினாத்தான் தருவோம்"ங்கறாங்க. லேப்டாப்புக்கும் இப்போதைக்கு வழியில்ல.

---

கிரந்தசாலை:

ஒரிஜினல்தான் முதல்ல. பணம் அப்புறம். சான்றிதழைப் பிடிச்சு வச்சு பணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, பல்கலைக்கழகத்துக்கே இல்லை. அப்பா தனியா போக வேண்டாம், பஞ்சாயத்து மெம்பரைக் கூட்டிட்டுப் போகட்டும். என்னென்ன சான்றிதழ், எந்தத் தேதியில கொடுத்தது, ரசீது எண் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி, திருப்பித் தரச் சொல்லி ஒரு பிரதியில அவங்க கையெழுத்து வாங்கட்டும். கையெழுத்துப் போட மறுத்தா அதே தாளை வச்சு போலீஸ் ஸ்டேஷன்ல புகார் எழுதிக் கொடுங்க. பெரும்பாலும் ஸ்டேஷன்னு சொன்னதும் கொடுத்துடுவாங்க. அங்கே தங்கச்சியோட ஆதார் ஓடிபியைச் சொல்லியிருக்காளான்னும் கேளுங்க. சொல்லியிருந்தா அவங்களே ஏபிசி ஐடியும் டெப் ஐடியும் எடுத்து வேற எங்கயாவது பதிவு போட்டிருக்கலாம். டிஜிலாக்கர்ல உள்ள போயி பாருங்க, பின் நம்பரை மாத்துங்க.

கம்ப்யூட்டருக்கு, லைப்ரரி கவுன்சில்ல சேர்ந்த கிரந்தசாலைகள் (நூலகங்கள்) சிலதுல கம்ப்யூட்டர் இருக்கு, கேரள அரசோட கே-ஃபோன் இணைய இணைப்பு வந்த இடங்களும் உண்டு. ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமான்னு செக்ரட்டரிகிட்ட கேட்டுக்குங்க.

---

செமஸ்டர் டீச்சர்:

பன்னிரண்டு வோல்ட் சொன்ன ஊர் மாறும் விஷயம் நியாயம்தான். அதற்கு இக்னோவே விடை: படிப்பு மையத்தையும் மண்டல மையத்தையும் பின்னால் மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். தமிழில் எழுதுவதா, ஊர் மாறும் வசதியா என்று தங்கைதான் முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் எழுத முடியுமா என்று தெரிந்துகொள்ள, இக்னோ பி.காம் முதல் செமஸ்டர் பாடப் புத்தகங்களை அதன் இணையப் பாட நூலகமான இ-ஞான்கோஷ் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். நிதிக் கணக்கியலில் முதல் இரண்டு அலகுகளைப் படித்து, பயிற்சி வினாக்களுக்கு அவராகவே விடை எழுதிப் பார்க்கட்டும். ஒரு அலகுக்கு நான்கைந்து மணி நேரத்துக்குள் முடிந்தால் இக்னோ. ஒவ்வொரு வரிக்கும் அகராதி தேவைப்பட்டால் தமிழ்வழி. அதற்குள் ஒரிஜினலும் கைக்கு வந்துவிட வேண்டும்; மைக்ரேஷன் சான்றைத் தேடும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.